"சின்ன அப்டேட்தாங்க சார்": எமிஷன் சாஃப்ட்வேர் மாறிய பிறகு என் டீசல் வண்டி

சர்வீஸில் எமிஷன் அப்டேட் (புகையைக் கட்டுப்படுத்தும் சாஃப்ட்வேர் மாற்றம்) போட்ட பிறகு வண்டி முன்னைப்போல இழுக்கவில்லை என்று யாராவது அலைந்துகொண்டிருந்தால், இது அவர்களுக்காக எழுதுவது. நான் அலைந்தபோது இதைச் சொல்ல எனக்கு ஆள் கிடைக்கவில்லை. சர்வீஸ் சென்டரில் "எல்லாம் நார்மலா இருக்குங்க" என்றார்கள். வீட்டில் "உனக்குத்தான் அப்படித் தோணுது" என்றார்கள். கூட்டாளிகள் "இப்ப வர்ற டீசலே அப்படித்தான்" என்று முடித்துவிட்டார்கள். சில மாத நிம்மதியும் நாற்பதாயிரத்துக்குக் கிட்ட பணமும் போன பிறகுதான், என் காலுக்குத் தெரிந்தது நிஜம் என்பதும், அதற்குக் காரணம் ஒன்றல்ல, இரண்டு மூன்று என்பதும் விளங்கியது.

வண்டி 2021-ல் வாங்கியது. 1.5 லிட்டர் டீசல், மேனுவல் கியர், பிஎஸ்6 புகை விதிப்படி வந்தது. எந்தக் கம்பெனி என்று எழுதப்போவதில்லை. எனக்குத் தொழில் கோயம்புத்தூரில் பம்ப்செட் உதிரி பாகங்கள் சப்ளை. வாரத்தில் பாதி நாள் பல்லடம், திருப்பூர், ஈரோடு என்று ஓட்டம், மாதத்துக்கு இரண்டாயிரம் கிலோமீட்டர் தாராளமாக ஓடும். அம்மா கோத்தகிரியில் இருப்பதால் மலை ரோடும் உண்டு. டீசல் வாங்கியதற்கு ஒரே காரணம் அந்த அடி இழுவைதான். பின்னால் நாலு பெட்டி சரக்கு இருந்தாலும் இரண்டாவது கியரில் 1,500 ஆர்பிஎம்மில் இருந்தே சிரமம் காட்டாமல் எடுக்கும். மேட்டுப்பாளையம் தாண்டி ஏறும்போது கியருக்குக் கை போகவே வேண்டியதில்லை.

எழுபதாயிரம் கிலோமீட்டர் சர்வீஸுக்கு விட்டு எடுத்தபோது பில்லில் கடைசி வரியாக ஈசியு (இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) அப்டேட், கட்டணம் இல்லை என்று இருந்தது. என்னவென்று கேட்டேன். "கம்பெனில இருந்து வந்திருக்குங்க சார், எமிஷன் அப்டேட். சின்ன அப்டேட்தாங்க சார், எல்லா வண்டிக்கும் போடறோம்" என்றார் அட்வைசர். போடுவதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போட்டால் என்ன மாறும் என்று எழுதிய தாள் எதுவும் தரவில்லை. இன்றைக்கும் என் கோபம் அதில்தான் நிற்கிறது. அப்டேட் போட்டது தப்பு என்று நான் சொல்லவில்லை. சொல்லாமல் போட்டார்கள், அதுதான்.

முதல் நாளே கிளட்சை விடும்போது வண்டி ஒரு மாதிரி மந்தமாக இருந்தது. சர்வீஸ் முடிந்த புதிது, செட்டாகும் என்று விட்டுவிட்டேன். விஷயம் வெளிப்பட்டது எல் அண்ட் டி பைபாஸில். கோவைக்காரர்களுக்கு அந்த ரோடு தெரியும். நீலாம்பூரில் இருந்து மதுக்கரை வரை போக்கும் வரத்தும் ஒரே ரோட்டில், நடுவில் தடுப்பு கிடையாது. முன்னால் ஒரு டேங்கர் லாரி. எதிரே காலியாக இருந்ததால் மூன்றாவது கியருக்கு இறக்கி வலது பக்கம் எடுத்து மிதித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. பாதிக்கு மேல் மிதித்த பெடலுக்கு வண்டி பதிலே சொல்லவில்லை. நான் லாரியின் நடுப்பகுதிக்கு இணையாக நிற்கிறேன், எதிரே தூரத்தில் ஒரு கார் வெளிச்சம் தெரிகிறது. அப்புறம் ஊசி 2,000 தாண்டியதும் திடீரென்று மொத்தமாகப் பாய்ந்தது. தாண்டிவிட்டேன். ஓரமாக நிறுத்தியபோது கை நடுங்கியது. முன்பு இருந்த கணக்கை நம்பி எடுத்த ஓவர்டேக் அது. என் ஓட்டும் கணக்கு முழுக்க அந்தப் பழைய இழுவையை வைத்துத்தான் மூன்று வருடமாக உருவாகியிருந்தது.

இதைப் படிப்பவர்கள் வேறெதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். சாஃப்ட்வேர் மாற்றிய வண்டியை சர்வீஸில் இருந்து எடுத்த முதல் வாரம், அது வேறு யாருடைய வண்டியோ என்று நினைத்து ஓட்டுங்கள். காலி ரோட்டில் ஒவ்வொரு கியரிலும் எந்த ஆர்பிஎம்மில் எடுக்கிறது என்று பார்த்துக்கொள்ளாமல் ஓவர்டேக் எடுக்காதீர்கள், மலை ஏறாதீர்கள்.

கோத்தகிரி ஏற்றத்தில் இன்னொரு பாடு. கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்பும்வரை நின்று, பின்னால் வண்டி ஒட்டி நிற்க, முதல் கியரில் கிளட்சை விட்டால் இன்ஜின் உதறி நிற்கப் பார்க்கிறது. நிற்காமல் இருக்க ஆக்சிலேட்டரைக் கூட்டிக் கிளட்சை அரை மிதியில் பிடித்தே ஏற்றினேன். வீடு போய்ச் சேர்ந்தபோது பானெட் பக்கம் கிளட்ச் தீய்ந்த வாடை. அம்மா வாசலிலேயே, "என்ன கண்ணு, வண்டி இப்படி நாறுது?" என்றார். இப்படியே ஏறி இறங்கியதில் அடுத்த சில வாரங்களில் கிளட்ச் வழுக்க ஆரம்பித்து, மாற்றுவதற்குக் கூலியோடு இருபத்து மூவாயிரம் ஆனது. கிளட்ச் தேய்மானப் பொருள், வாரண்டியில் வராது என்று கையை விரித்துவிட்டார்கள்.

சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் மாட்டிப் பார்த்தார்கள். "ஃபால்ட் கோடு எதுவும் வரலைங்க சார்." டிரையல் பார்க்கப் பக்கத்துத் தெருவை ஒரு சுற்று சுற்றி வந்து "பிக்கப் நல்லாத்தான இருக்குது" என்றார்கள். ஏசி போடாமல், ஆள் ஒருவரே உட்கார்ந்து, சமதளத்தில் ஓட்டினால் எந்த வண்டியும் நன்றாகத்தான் இருக்கும். நான் போகப் போகக் கற்றுக்கொண்டது, "பிக்கப் இல்லை" என்ற வார்த்தையையே சொல்லக் கூடாது. அப்படிச் சொன்னால் ஜாப் கார்டில் "லோ பிக்கப்" என்று எழுதி மூடிவிடுவார்கள். "இரண்டாவது கியர், 1,400-ல் இருந்து 1,900 ஆர்பிஎம் வரை, ஏசி போட்டு மூன்று பேர் உட்கார்ந்து ஏற்றத்தில் போகும்போது, பெடல் பாதி மிதித்தும் இரண்டு நொடிக்கு வேகம் கூடவில்லை" என்று சொல்லி, அதை அப்படியே எழுதச் சொல்லுங்கள். எழுதியதைப் போட்டோ எடுங்கள். டிரையலுக்கு நீங்களும் ஏறுங்கள், ரோட்டை நீங்கள் சொல்லுங்கள்.

என்ன மாறியிருக்கும் என்பதை ராத்திரி ராத்திரியாகப் படித்தும் கேட்டும்தான் தெரிந்துகொண்டேன். டீசல் இன்ஜினில் கம்பெனிகளுக்கு இரண்டு தலைவலி. ஒன்று கரி, மற்றது நைட்ரஜன் ஆக்சைடு. உள்ளே எரியும் சூடு அதிகமானால் நைட்ரஜன் ஆக்சைடு கூடும். அந்தச் சூட்டைக் குறைக்க, வெளியே போகிற புகையில் ஒரு பங்கை ஈஜிஆர் வால்வு வழியாகத் திரும்ப உள்ளேயே விடுவார்கள். புகை உள்ளே போன இடத்தில் புதுக் காற்று குறையும். கரும்புகை வரக் கூடாது என்பதற்காக, இருக்கிற காற்றுக்கு ஏற்ற டீசலுக்கு மேல் ஈசியு பீய்ச்ச விடாது. ஆகவே நீங்கள் மிதித்தாலும், டர்போ சுழன்று காற்று வந்து சேரும்வரை டீசல் அளந்துதான் இறங்கும். அந்த இரண்டு நொடிதான் நம் காலுக்குத் தெரிகிற மந்தம். காற்று வந்ததும் மொத்தமாகத் திறப்பதால் பின்னாடியே அந்தப் பாய்ச்சல். இன்ஜெக்ஷன் நேரத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்தாலும் சூடு குறையும், ஆனால் மைலேஜும் குறையும். இது எல்லாமே வெறும் எண்கள். வண்டியில் ஒரு நட்டைக்கூடத் தொடாமல், அந்த எண்களை மாற்றினால் வண்டியின் குணம் மாறிவிடும்.

கம்பெனிகள் ஏன் இதைச் செய்கின்றன என்பதும் நியாயமாகச் சொல்ல வேண்டும். பிஎஸ்4-ல் டீசல் காருக்குக் கிலோமீட்டருக்கு 250 மில்லிகிராம் நைட்ரஜன் ஆக்சைடு வரை விட்டிருந்தார்கள். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 வந்தபோது அதை 80 ஆக்கினார்கள். 2023 ஏப்ரல் முதல் லேபில் மட்டும் இல்லாமல் ரோட்டில் ஓட்டியும் அளந்து வரம்புக்குள் காட்ட வேண்டும் என்று புது வண்டிகளுக்கு வந்துவிட்டது. அம்மாவுக்கு வீசிங் உண்டு. இந்த வாயு நுரையீரலுக்கு என்ன செய்யும் என்பதை எங்கள் வீட்டில் யாரும் விளக்கத் தேவையில்லை. புகை குறைய வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. நம் பொல்யூஷன் சர்டிஃபிகேட் சோதனையில் டீசல் வண்டிக்குப் புகையின் அடர்த்தியைத்தான் பார்க்கிறார்கள், நைட்ரஜன் ஆக்சைடை அளப்பதில்லை. அதனால் சர்டிஃபிகேட் கையில் இருக்கிறதே, பிறகு எதற்கு அப்டேட் என்று கேட்பதிலும் அர்த்தமில்லை.

மூன்றாவது அடி, கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் ஃபில்டர் வழியாக வந்தது. புகையை அதிகம் உள்ளே திருப்பினால் நைட்ரஜன் ஆக்சைடு குறையும், கரி கூடும். அந்தக் கரி புகைக் குழாயில் இருக்கும் டிபிஎஃப் ஃபில்டரில் போய்ச் சேரும். சேர்ந்ததை வண்டி தானே எரித்துக்கொள்ளும். அதற்கு ஃபில்டருக்குள் 600 டிகிரிக்குக் கிட்ட சூடு வேண்டும், ஒரு கால் மணி இருபது நிமிஷம் நிற்காத ஓட்டம் வேண்டும். சூடு ஏற்ற, எரிப்பு முடியும் நேரத்தில் ஈசியு கூடுதலாகக் கொஞ்சம் டீசலை சிலிண்டருக்குள் பீய்ச்சும். காந்திபுரம் சிக்னலிலும் கடை கடையாக நின்று சப்ளை போடுவதிலும் அந்த எரிப்பு பாதியில் அறுந்துகொண்டே இருந்தது. எரியாத டீசல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலில் கலக்கும். ஒரு காலையில் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தேன். ஆயில் மேல் கோட்டைத் தாண்டி விரல் அகலம் நின்றது. தொட்டால் ஆயிலின் வழவழப்பு குறைந்து தண்ணியாக விரலில் ஓடியது, மோந்தால் டீசல். ஆயில் குறைவதைத்தான் நாம் பார்த்திருக்கிறோம். டீசல் பிஎஸ்6-ல் ஆயில் கூடினால் அது அதைவிட மோசம், இன்ஜின் பேரிங்குக்கே வினை. முன்கூட்டியே ஆயில் மாற்ற ஆறாயிரத்துச் சொச்சம். டிபிஎஃப் விளக்கு எரிந்து, சர்வீஸ் சென்டரில் நிறுத்தி வைத்து எரிக்க நாலாயிரத்துக்குக் கிட்ட.

வண்டி இப்போது எரித்துக்கொண்டிருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க மீட்டரில் தனி விளக்கு பல வண்டிகளில் கிடையாது. நின்ற இடத்தில் ஆர்பிஎம் வழக்கத்தைவிடக் கொஞ்சம் உயர்ந்து நிற்கும், ரேடியேட்டர் ஃபேன் விடாமல் சுற்றும், மைலேஜ் காட்டும் எண் சட்டென்று விழும். அந்த நேரம் வீடு வந்துவிட்டாலும் வண்டியை அணைக்காமல், அவினாசி ரோட்டில் ஏறி கருமத்தம்பட்டி வரை நாலாவது கியரில் ஒரே சீராகப் போய்த் திரும்புங்கள். அப்டேட்டுக்குப் பிறகு இந்த எரிப்பு முன்னைவிட அடிக்கடி வருகிறதா என்று டைரியில் ஓடோமீட்டரோடு குறித்து வையுங்கள். என் கேஸில் பின்னால் பேசியது அந்தக் குறிப்புதான்.

வெளிநாட்டில் இதற்கு முன்மாதிரி இருக்கிறதா என்று தேடியபோதுதான் ஃபோக்ஸ்வாகன் விவகாரத்தை ஒழுங்காகப் படித்தேன். 2015 செப்டம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறை பிடித்தது. சோதனை நடக்கிறது என்று தெரிந்தால் மட்டும் சுத்தமாக ஓடும் சாஃப்ட்வேர். உலகம் முழுக்க ஒரு கோடியே பத்து லட்சம் வண்டிகள், இந்தியாவிலும் மூன்று லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல் திரும்ப அழைக்கப்பட்டன. என் வண்டி அந்தக் கதையில் சேர்ந்தது இல்லை. ஆனால் இரண்டு விஷயம் என்னை உட்காரவைத்தது. அமெரிக்காவில் சமரசத்தின்போது, வண்டியைச் சரிசெய்வதற்கு முன்னால் அந்த மாற்றத்தால் மைலேஜ், சத்தம், இழுவை, பாகங்களின் ஆயுள் எதுவெல்லாம் பாதிக்கப்படலாம் என்று உரிமையாளருக்கு எழுத்தில் சொல்ல வேண்டும் என்று கட்டாயமாக்கியிருந்தார்கள். நான் கேட்ட அதே தாள். இன்னொன்று, ஐரோப்பாவில் சரிசெய்யப் போட்ட அப்டேட்டையே 2022 ஜூலையில் ஐரோப்பிய நீதிமன்றம் கேள்வி கேட்டது. வெளிச் சூடு 15-ல் இருந்து 33 டிகிரிக்குள்ளும், ஆயிரம் மீட்டர் உயரத்துக்குக் கீழும் மட்டும் முழுசாகச் சுத்திகரிக்கும் என்று அதில் எழுதியிருந்தார்களாம். அது செல்லாது என்பதுதான் தீர்ப்பின் சாரம். ஆயிரம் மீட்டர் என்பது கோத்தகிரி போய்ச் சேருவதற்கு ரொம்ப முன்னாலேயே தாண்டிவிடுகிற உயரம். சாஃப்ட்வேரில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று வண்டிக்காரனுக்குத் தெரிய வேண்டிய அவசியம் எனக்கு அப்போதுதான் உறைத்தது.

திருப்பம் வந்தது பல்லடத்தில் ஒரு கஸ்டமர் மூலம். அவரிடமும் இதே மாடல், இதே வருஷம், வெளியில் சர்வீஸ் விடுவதால் அப்டேட் போடாத வண்டி. ஞாயிறு விடிகாலையில் ஆள் நடமாட்டம் இல்லாத ரோட்டில் இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டினோம். அவருடைய வண்டியில் கிளட்சை விட்ட முதல் நிமிஷமே எனக்குத் தொண்டை அடைத்தது. என் பழைய வண்டி அது. மூன்றாவது கியரில் 40-ல் இருந்து 80 தொட அவருடையதற்கு எட்டு நொடி ஆகவில்லை, என்னுடையது பத்தைத் தொட்டது. கூடவே ஒரு ப்ளூடூத் ஓபிடி ஸ்கேனர் கொண்டுபோயிருந்தேன். ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் சின்னப் பெட்டி, ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் செருகி மொபைலில் பார்க்கலாம். அதில் வண்டித் தகவல் பக்கத்தில் கேலிப்ரேஷன் ஐடி என்று ஒரு நீளமான எண் வரும். ஈசியுவில் எந்த சாஃப்ட்வேர் ஓடுகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். இரண்டு வண்டியிலும் முன்பாதி ஒன்று, கடைசி எழுத்துகள் வேறு. இரண்டையும் ஓடோமீட்டரோடு சேர்த்துப் போட்டோ எடுத்தேன். அன்றிலிருந்து "உங்களுக்குத் தோணுது சார்" என்று யாரும் என்னிடம் சொல்ல முடியவில்லை.

அந்தக் கஸ்டமர்தான் கணபதியில் ஒரு பட்டறை அண்ணனிடம் அனுப்பினார். முப்பது வருஷமாக டீசல் பம்ப் வேலை பார்த்து, பிறகு கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் டீசல் பீய்ச்சும் காமன் ரயில் முறையைக் கற்றுக்கொண்டவர். பேச்சைக் குறைத்து, லேப்டாப்பை மாட்டி என்னை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். ஈசியு கேட்கிற டர்போ பிரஷர் எவ்வளவு, கிடைக்கிற பிரஷர் எவ்வளவு என்று இரண்டு கோடு திரையில் ஓடியது. ஏற்றத்தில் இரண்டும் ஒட்டவில்லை. பட்டறைக்குத் திரும்பி, கசிவு தெரிய, காற்று போகும் வழிக்குள் புகையைச் செலுத்திப் பார்த்தார். டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸில், கிளாம்ப் போட்டிருக்கும் இடத்தில், அடிப்பக்கமாக, முடி மாதிரி ஒரு கீறலில் இருந்து புகை இழை இழையாக வந்தது. சுற்றிலும் ஆயில் கசிந்து தூசி ஒட்டி கறுப்பாக ஒரு வளையம். "இது நாள்பட்டது தம்பி. பழைய புரோகிராம்ல காத்து தாராளமா இருந்துச்சு, தெரியல. புதுசுல காத்து இறுக்கிப் புடிச்சிருக்காங்க, அதான் காட்டிக் குடுத்துருச்சு" என்றார். ஹோஸுக்கும் கூலிக்கும் இரண்டாயிரத்துச் சொச்சம்தான் வாங்கினார்.

அதோடு அவர் சொன்ன இன்னொன்று, சாஃப்ட்வேர் ஏற்றும்போது வண்டி அதுவரை கற்று வைத்திருந்த திருத்தங்கள் சில அழிந்துபோகும். ஈஜிஆர் வால்வு மூடும் நிலை, இன்ஜெக்டர் அளவு போன்றவற்றைத் திரும்பக் கற்றுக்கொடுக்க வேண்டும். சில வண்டிகளில் ஓடஓடத் தானே கற்றுக்கொள்ளும், சிலவற்றில் ஸ்கேனர் வைத்துச் செய்ய வேண்டும். கரி படிந்த வால்வாக இருந்தால் கற்றுக்கொடுத்தும் பயனில்லை, கழற்றிச் சுத்தம் செய்த பிறகுதான் செய்ய வேண்டும். இதை வாரண்டி போகாமல் இருக்க சர்வீஸ் சென்டரிலேயே செய்யவைத்தேன். போட்டோக்களையும் நேரக் கணக்கையும் டைரியையும் வைத்து எழுத்தில் கேட்ட பிறகு, எதிர்ப்பேச்சு இல்லாமல் செய்தார்கள். வால்வைக் கழற்றியபோது நான் பக்கத்தில் நின்றேன். வாயில் கால்வாசி அடைத்துக் கெட்டிப்பட்ட கரி, ஸ்க்ரூ டிரைவரால் கொத்தித்தான் எடுத்தார்கள்.

இரண்டும் ஆன பிறகு, போனதில் பாதிக்கு மேல் திரும்பி வந்தது. முழுசாக வரவில்லை, வராது என்றும் இப்போது தெரியும். முன்பு 1,500-ல் எடுத்தது இன்று 1,750-க்குக் கிட்ட எடுக்கிறது. ஹைவேயில் டேங்க் நிரப்பி நிரப்பிக் கணக்குப் பார்த்தால் முன்பு 18-க்கு மேல், அலைந்த மாதங்களில் 16, இப்போது 17-ஐ ஒட்டி. மீட்டரில் காட்டும் மைலேஜை நம்பாதீர்கள், அப்டேட்டில் அதன் கணக்கும் மாறலாம். ஒரே பங்க்கில் தானாக கட்டாகும்வரை நிரப்பி எடுத்த கணக்குதான் சாட்சி.

நடுவில் ஒரு ஆசை வந்ததை மறைக்க வேண்டியதில்லை. ரீமேப் (ஈசியுவின் எண்களை வெளியில் மாற்றி எழுதுவது) போடுகிறோம், பழைய பிக்கப்பைவிட அதிகம் தருகிறோம், டிபிஎஃப்பை எடுத்துவிட்டால் தொல்லையே இல்லை என்று ஒரு கடையில் விலை சொன்னார்கள். வேண்டாம் என்று வந்துவிட்டேன். டிபிஎஃப்பை எடுப்பது சட்டப்படி வண்டியில் செய்யக் கூடாத மாற்றம், வாரண்டி போய்விடும், விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸிலும் கேள்வி வரும். அதையெல்லாம்விட, அந்த ஃபில்டர் பிடித்து வைக்கிற கரி அப்படியே என் பின்னால் பைக்கில் வருகிறவரின் மூச்சுக்குள் போகும். என் சிரமத்துக்கு அவர் ஏன் விலை கொடுக்க வேண்டும்?

பணத்துக்காகக் கம்பெனிக்கு மெயிலில் எழுதினேன். உணர்ச்சியைக் கொட்டாமல், தேதி, ஓடோமீட்டர், பில் நம்பர், பழைய புதிய கேலிப்ரேஷன் ஐடி, கேட்கும் தொகை என்று மட்டும். பதில் வராதபோது தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிந்தேன். அதற்குப் பிறகுதான் மேலிடத்தில் இருந்து போன் வந்தது. டிபிஎஃப் எரித்த செலவும் ஆயில் செலவும் திருப்பித் தந்தார்கள். கிளட்ச் செலவுக்கு மறுத்துவிட்டார்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருஷம் அவகாசம் இருக்கிறது, இ-ஜாக்ரிதி (முன்பு இ-தாகில்) என்ற அரசுத் தளத்தில் வீட்டில் இருந்தே மனு போடலாம். வண்டி விலை பத்தில் இருந்து இருபது லட்சத்துக்குள் என்றால் கட்டணம் 400 ரூபாய்தான். காகிதங்களை அடுக்கி வைத்திருக்கிறேன்.

இனி சர்வீஸுக்கு விடும்போது ஜாப் கார்டிலேயே "உரிமையாளர் எழுத்தில் சம்மதிக்காமல் சாஃப்ட்வேர் ஏற்றக் கூடாது" என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்கிறேன். அப்டேட் என்றால் எதற்காக, எது மாறும், பழையதற்குத் திரும்ப முடியுமா, வால்வு பாகங்களுக்கு வாரண்டி நீட்டிப்பு உண்டா என்று கேட்கிறேன். பாதுகாப்பு சம்பந்தமான ரீகாலாக இருந்தால் யோசிக்காமல் போட்டுக்கொள்வேன். எமிஷன் அப்டேட்டாக இருந்தாலும் மறுக்கப்போவதில்லை. ஆனால் அதற்கு முந்தின வாரமே ஒரு டேங்க் கணக்கு, கேலிப்ரேஷன் ஐடி போட்டோ, ஈஜிஆர் சுத்தம், ஹோஸ் சோதனை, ஆயில் மட்டம் எல்லாம் பார்த்து முடித்திருப்பேன். ஏற்றும்போது பேட்டரிக்குத் தனியாக சார்ஜர் கொடுத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். நடுவில் வோல்டேஜ் விழுந்தால் ஈசியுவே போய்விடும் அபாயம் உண்டு.

பழைய டீசல் வண்டி பார்க்கப் போகிறவர்களும் அந்தச் சின்ன ஸ்கேனரைக் கையில் எடுத்துப் போங்கள். கேலிப்ரேஷன் ஐடியைக் குறித்துக்கொண்டு, அப்டேட் போட்டதா, எப்போது, அதற்குப் பிறகு டிபிஎஃப்புக்கு என்ன செலவானது என்று சர்வீஸ் ஹிஸ்டரியில் கேளுங்கள். டிப்ஸ்டிக்கை இழுத்து மோந்து பாருங்கள். ஓட்டிப் பார்க்கும்போது ஹைவேக்குப் போகாமல், உங்கள் வீட்டு ஆட்கள் மூன்று பேரை உட்காரவைத்து, ஏசியைப் போட்டு, ஒரு பாலம் ஏற்றத்தில் இரண்டாவது கியரில் மெதுவாக ஏற்றிப் பாருங்கள்.